ஒரு செட்டுக்கு ஆறு சேலை

வாங்க கண்ணு, வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வாசல்ல விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். எதுத்த வூட்டுக்குப் புதுசா வந்திருக்கற பேங்க் மேனேஜர் சம்சாரம்தானுங்க நீங்க? பால் காச்சினப்பவே பாத்தேன். கப்பல்ல போறீங்களாமா? அங்க ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்திக்கறதுன்னு யாருகிட்டயாச்சும் கேக்கோணும்னு எங்க வேலைக்காரப் புள்ளகிட்டச் சொன்னீங்களாமா. சரியான எடத்துக்குத்தான் வந்தீங்க. இந்தக் கோபி ஊருக்குள்ள கப்பல்ல போயிட்டு வந்தவங்க நெறையப் பேரு இருப்பாங்க. கப்பல்ல ஒழுங்காத் துணி உடுத்தினவ நான் ஒருத்திதான்.

சித்தெ உக்காருங்க. காப்பி வெக்கச் சொல்லியிருக்கறேன்.

உங்களுக்கும் "ராத்திரி சாப்பாட்டுக்கு கேஷுவல்"னுதான போட்டிருக்கறான்? எங்களுக்கும் அப்படித்தான் போட்டிருந்தான். கோகிலா பையனுக்குப் போன் போட்டு, "கேஷுவல்னா என்னடா தம்பி?"ன்னு கேட்டேன். "சும்மா சாதாரணமா வாங்க பெரியம்மா. வூட்ல இருக்கற மாதிரி"ங்கறான். யாரு வூட்ல இருக்கற மாதிரி? எங்க மாமியா இருந்த வரைக்கும் சமையக்கட்டுல கூட முந்தானையைச் சொருகாம ஒருத்தி நின்னதில்லை. அவிய அம்மா கோகிலாவைப் பாத்தீங்கன்னா, நைட்டிமேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வருவா. அந்தச் சாதாரணமா, இந்தச் சாதாரணமா? வெள்ளைக்காரன் ரெண்டு வார்த்தைல எழுதிப்போட்டு அவன் பாட்டுக்குப் போயிர்றான். ரோசனை பண்ண வேண்டியது யாரு? நான்தான்.

கோகிலா யாருன்னு சொல்லலை பாருங்க. என்ற ரெண்டாவது கொழுந்தனார் சம்சாரம். அந்தக் கொழுந்தனாருக்குத்தான் அறுபது முடிஞ்சுது. பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்கறான், அப்பாவுக்கு அறுபதுக்கு அறுபதா எல்லாருமாக் கப்பல்ல போலாம்னு அங்கிருந்தே ஏற்பாடு பண்ணிட்டான். கோயில்ல போய் மாலை மாத்தறதை வுட்டுப்போட்டு கடலுக்குள்ள போய் என்ன பண்றதுன்னு நான் கேட்டேன். யாரும் காதுல வாங்கலை.

எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்குதுங்க. கல்யாணம், காதுகுத்து, நோம்பி எதுன்னாலும் பொம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரி சேலை. இப்பத்தான் ஊரெல்லாம் பண்றாங்க, எங்கள்ல அந்தக் காலத்துலயே உண்டு. கலரு சொல்றது மூத்த மருமக. மூத்த மருமக நான். சேலத்துப் பக்கம் இளம்பிள்ளைங்கற ஊர்ல ஒரு தறிக்காரரு இருக்கறாரு, அவருக்கு ஒரு போன் போட்டாப் போதும், கரையில இருந்து முந்தானை வரைக்கும் நான் சொன்ன மாதிரி ஓட்டி அனுப்பிருவாரு. நானு, கோகிலா, மூணாவது கொழுந்தனார் சம்சாரம் பூங்கொடி, எங்க நாத்தனா, நாத்தனா மக. அஞ்சு பேரும் ஒட்டுக்கா மண்டபத்துக்குள்ள நுழைஞ்சமுன்னா, கேமராக்காரன் பொண்ணு மாப்பளையை வுட்டுப்போட்டு எங்க பக்கம் திரும்புவான். இன்னாரு குடும்பம்னு யாரும் வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதில்லை.

கப்பலுக்கும் அதையேதான் பண்ணேன். மூணு ராத்திரிச் சாப்பாடு, மூணு கலரு. மொத நாளு மாம்பழ மஞ்சள். ரெண்டாம் நாளு கிளிப்பச்சை. மூணாம் நாளு வாடாமல்லி. நல்லா லேசான சேலை, சரசரன்னு நிக்காது, மடிச்சு வெச்சா கைக்கு அடங்கிரும். கேஷுவல்னா இதைவிட என்ன கேஷுவல் வேணும் சொல்லுங்க?

ஆனா பாருங்க, தறிக்காரருக்கு ஒடம்பு முடியலை, இப்ப அவரு மகன் பாக்கறான். "ஒரு செட்டுக்கு ஆறு சேலைங்கம்மா, கம்மியா ஓட்ட மாட்டோம்"னுட்டான். சரின்னு ஆறு வாங்கினேன். ஆறாவதை என்ன பண்றது? இந்த வேலைக்காரப் புள்ளைக்கே குடுத்திரலாம்னுதான் நெனச்சேன். அப்பறம் குடும்பத்துலயே ஒருத்தி இருக்கறாளேன்னு அவளுக்குக் குடுத்தனுப்பினேன்.

அவ சுகிர்தா. கடைசிக் கொழுந்தனார் சம்சாரம். தூத்துக்குடிப் பக்கத்துப் புள்ள, கண்ணாஸ்பத்திரில வேலை. முன்னமே ஒருத்தனைக் கட்டி, ஒத்துவராம தீத்துக்கிட்டு வந்தவ. நம்ம ஆளு நாப்பது வயசு வரைக்கும் பொண்ணு பாத்துப் பாத்துச் சலிச்சுப்போயி, கடைசில அவளைக் கூட்டிட்டுப்போய் ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கறாரு. அதுக்கு நாங்க சேலை எடுக்கலைங்க. எங்க வழக்கத்துல சேலை எடுக்கலைன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அதுக்கப்பறம் வந்த காதுகுத்து, நோம்பி எதுலயும் அவளை நான் சேத்துக்கலை. அவ பாட்டுக்கு எதையோ போட்டுக்கிட்டு வருவா, கடைசிப் பந்தில உக்காந்து சாப்பிடுவா, போயிருவா. அதைப் பத்தி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தா பதில் வெச்சிருந்தேன்.

சேலை போய்ச் சேந்ததும் போன் போட்டா. "அக்கா, எனக்குமாக்கா?"ங்கறா. "செட்டுல ஒண்ணு மிச்சமாயிருச்சு"ன்னேன். உள்ளதைத்தான சொல்லோணும்.

கப்பலு நல்லாத்தான் இருக்குது. குறை சொல்லப்படாது. அதுல ஏறியிருக்கற ஆளுகளைத்தான் பாக்கச் சகிக்காது. வெள்ளைக்காரக் கெழவன் ஒருத்தன், காலு ரெண்டும் கேரட்டுக் கலர்ல, அரை டவுசரும் ரப்பர் செருப்புமாச் சோத்துக்கு வந்து நிக்கறான். வடக்கத்திப் பொம்பளை ஒருத்தி, தோள்பட்டை ரெண்டும் வெளிய, உள்ள போடற பாடியை வெளிய போட்ட மாதிரி ஒரு துணி. கேட்டா கேஷுவல். அட, அவங்க எப்படியோ போகட்டும். என்ற வூட்டுக்காரரு, மில்லு மொதலாளி, வேட்டியைத் தவிர ஒண்ணு கட்டாத மனுசன், கோகிலா பையன் வாங்கிக் குடுத்தான்னு அரை டவுசரைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நானே வெளிச்சத்துல பாக்காத முட்டிங்க அது. ஊரே பாத்துச்சு.

மொத நாளு ராத்திரி நாங்க அஞ்சு பேரும் மாம்பழ மஞ்சள் கட்டிக்கிட்டு, நான் வூட்ல இருந்து ஈரத்துணில சுத்திக் கொண்டுபோன மல்லிப்பூவை வெச்சுக்கிட்டு, வரிசையாப் போறோம். சுகிர்தா தொளதொளன்னு பேண்ட்டும் சட்டையுமா வந்து நிக்கறா. "சேலை எங்க?"ன்னேன். "ஜாக்கெட் தைக்க நேரமில்லக்கா. சேலையக் கொண்டாந்திருக்கேன்"னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். வாசல்ல கோட்டுப் போட்ட ஒரு ஆளு நின்னான். எங்களைப் பாத்ததும் அப்படியே மூஞ்சி மலந்துபோச்சு. மத்தவனையெல்லாம் கையைக் காட்டி உள்ள அனுப்பிச்சுட்டு, எங்க அஞ்சு பேரை மட்டும் தனியா ஒரு நடை வழியாக் கூட்டிட்டுப் போறான். அந்தக் கடைசில ஒரு சின்னக் கதவு. தொறந்தா, கண்ணாடியைச் சுத்தி பல்பு எரியுது, நாலஞ்சு பொண்ணுக தலைல எறகும் மூஞ்சில சாயமுமா உக்காந்து சாண்ட்விச்சு தின்னுக்கிட்டிருக்குதுக.

எனக்கு ஒண்ணும் புரியலை. அதுக்குள்ள சுகிர்தா வெசையா ஓடியாந்து அவன்கிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னா. அவன் மூஞ்சி செத்துப்போச்சு. ரெண்டு கையையும் கூப்பிக் கூப்பிக் கும்பிடறான். திருப்பிக் கூட்டிட்டுப்போய், ஜன்னலோரமாக் கடல் தெரியற மேசையாப் பாத்து உக்கார வெச்சுட்டுப் போனான்.

"என்னவாமா?"ன்னு கேட்டேன். "பெரிய குடும்பம்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டாம்க்கா. அதான் தனி ரூம் காமிச்சாரு. நாந்தான் எல்லாரு கூடயும் சேர்ந்து சாப்பிடுதோம்னு சொல்லிட்டேன்"னா.

பாத்தீங்களா? துணிக்கு இருக்கற மரியாதை அதுதான். அன்னிக்கு முச்சூடும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு கெடந்துச்சு. ரெண்டு மூணு வெள்ளைக்காரிக வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாளுக. கோகிலாவும் பூங்கொடியும் மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டே தின்னாளுக. பழக்கமில்லாத எடத்துல கூச்சம் இருக்கத்தான் செய்யும்னு வுட்டுட்டேன்.

ரெண்டாம் நாளு கிளிப்பச்சை. கோகிலாவுக்குத் தலைவலியாம். பூங்கொடிக்கு வவுறு சரியில்லையாம். நாத்தனாவும் மகளும் வந்தாங்க, சேலை தெரியாம மேல ஒரு சால்வையப் போத்திக்கிட்டு, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சுட்டாங்க. நான் ஏசில குளிருதுன்னு நெனச்சேன். சாப்பிட்டுப்போட்டு, காத்து வாங்கலாம்னு மேல போனேன். அங்க நாலு பேரும் நிக்கறாளுக. சுடிதாரும் பேண்ட்டும், கோகிலா நைட்டிமேல துண்டோட. ஆளுக்கொரு ஐஸ்கிரீம். பூங்கொடி இடுப்பை வளைச்சு என்னமோ ஆடிக் காட்டறா, மத்தவளுக சிரிக்கறாளுக. நாத்தனாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி.

நான் கிட்டப் போகலை. கேட்டு என்ன ஆகப்போகுது? தலைவலிக்கு ஐஸ்கிரீம் நல்லதோ என்னமோன்னு திரும்பி ரூமுக்கு வந்துட்டேன்.

காப்பி எடுத்துக்கங்க. சக்கரை போதுமா?

மூணாம் நாளுதானுங்க கடைசிச் சாப்பாடு. வாடாமல்லி. மூணுல அதுதான் எனக்குப் பிடிச்ச கலரு. வூட்டுக்காரரு, "நீ சாவகாசமாக் கட்டிக்கிட்டு வா, நான் முன்னால போறேன்"னு போயிட்டாரு. எப்பவும் வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு நின்னு கத்தற மனுசன் சாவகாசமா வான்னு சொல்றாரேன்னு எனக்குத் தோணியிருக்கோணும். தோணலை. கட்டிக்கிட்டுப் போனேன்.

உள்ள நீளமா ஒரு மேசை. எங்க ஆளுக அத்தனை பேரும் உக்காந்திருக்கறாங்க. நாத்தனா, மக, கோகிலா, பூங்கொடி, ஆம்பளைங்க, குழந்தைங்க, சுகிர்தா. அத்தனை பேரும் ஒரே மாதிரி டீ சர்ட்டு. கருநீலக் கலரு. நெஞ்சுல கொழுந்தனார் மூஞ்சி, கீழ அறுபதுன்னு பெருசா எழுத்து. எங்க நாத்தனாவுக்கு எழுபது வயசு கண்ணு. அவங்களும். என்ற வூட்டுக்காரரும்.

எல்லாரும் ஒரே மாதிரி.

 கோகிலா பையன்தான் எந்திரிச்சான். "உங்களுக்கும் எடுக்கலாம்னுதான் பெரியம்மா... நீங்க எங்க போடப்போறீங்கன்னு அம்மா சொன்னாங்க..."ன்னு இழுத்தான். எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்லோணும். அதுக்கு என்ன இழுவை?

"எதுக்கு இப்படி ஒரு கோலம்?"னு கோகிலாவைக் கேட்டேன். அத்தனை வருசமா என்ற முன்னால வாயைத் தொறக்காதவ, தொறந்தா பாருங்க. "அக்கா, மொத நாளு அந்தாளு நம்மளை எங்க கூட்டிட்டுப் போனான்னு தெரியுமா? கப்பல்ல ஆட வந்தவங்கன்னு நெனச்சு, ஆட்டக்காரிக வேசம் போடற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான். போட்டோ எடுத்தவ எல்லாம் எப்ப ஆடுவீங்கன்னுதான் கேட்டா. எங்களுக்குச் செத்தறலாம்னு இருந்துச்சு. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. உங்ககிட்ட யாரு சொல்றது?"ன்னா.

கப்பலு ஆடற மாதிரி இருந்துச்சு. அன்னிக்குக் கடலு எண்ணெய் ஊத்தின மாதிரி கெடந்துச்சு, ஆடினது கப்பலு இல்லைன்னு எனக்கே தெரியும்.  இதைச் சொல்றதுல எனக்கென்ன வெக்கம்? அழுகை வந்துருச்சுங்க. அவளுக முன்னால அழக்கூடாதுன்னு, அக்கட்ட ரெண்டு பேரு உக்கார்ற ஒரு சின்ன மேசை காலியா இருந்துச்சு, அங்க போய் உக்காந்துக்கிட்டேன். என்ற வூட்டுக்காரரு எந்திரிச்சாரு. எந்திரிச்சு, ரொட்டியை எடுத்துக்கிட்டு, திருப்பியும் உக்காந்துட்டாரு.

அப்ப இந்தச் சுகிர்தா நாற்காலியத் தள்ளிப்போட்டு வெளிய போனா. பாருங்க திமிரை, பெரியவ ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கறா, இவ எந்திரிச்சுப் போறா பாருன்னு நெனச்சுக்கிட்டேன். அவ வூட்டுக்காரரு கூப்பிடறாரு, திரும்பிப் பாக்கலை.

கொஞ்ச நேரங்கழிச்சு வர்றா. வாடாமல்லிச் சேலைல.

அதையும் ஒழுங்காக் கட்டியிருந்தான்னா சொல்லலாம். ஜாக்கெட்டுதான் தைக்கலையே, அந்தக் கருநீல டீ சர்ட்டு மேலயே சுத்திக்கிட்டு வந்திருக்கறா. கொசுவம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி. கீழ பேண்ட்டு எட்டிப் பாக்குது. மடிப்பு கலையாத புதுச் சேலை, முதுகுல நடுமடிப்பு கோடு போட்ட மாதிரி தெரியுது. முந்தானைக்குள்ள இருந்து கொழுந்தனாரு பாதி மூஞ்சி எட்டிப் பாக்கறாரு. மொத மொதல்ல குடும்பத்துல எல்லாரும் போட்டிருக்கற துணில அவளுக்கும் ஒண்ணு குடுத்திருக்கறாங்க, அதையும் ஒழுங்காப் போட்டுக்கிட்டு உக்காரத் தெரியலை. நேரா அந்த மேசையத் தாண்டி வந்து என்ற எதுத்தாப்பல உக்காந்தா.

"கொசுவத்தை யாரு புடிச்சா?"ன்னு கேட்டேன். வேறென்ன கேக்கறது?

"நானாத்தான்க்கா."

"தெரியுது."

"சாப்பாட்டுக்கப்புறம் சரியாக் கட்டிவிடுங்க. இப்ப பசிக்கி."

பயந்துட்டா கண்ணு. எனக்கு அது அப்பவே புரிஞ்சுபோச்சு. ரெண்டு நாளா நான் மூஞ்சி குடுக்கலை பாருங்க, அது வேலை செஞ்சிருச்சு. கட்டுப்பாடுன்னா என்னன்னு கடைசி நாளாச்சும் அவளுக்கு ஒறைச்சுதே.

சூப்பு வந்துச்சு. குடிச்சுக்கிட்டிருக்கறப்ப வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி தடியை ஊனிக்கிட்டு வந்து, எங்க ரெண்டு பேரு சேலையையும் தொட்டுப் பாத்து, சிரிச்சுக்கிட்டே என்னமோ கேட்டா. சுகிர்தா பதில் சொன்னா. அந்தப் பாட்டி தலையத் தலைய ஆட்டிக்கிட்டுப் போயிட்டா.

"என்ன கேட்டா? இந்தவாட்டி பொய் சொன்னீன்னா பாத்துக்க"ன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் எப்ப ஆடப் போறீங்கன்னு கேட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னைக்கு எங்களுக்கு லீவுன்னு சொன்னேன்."

நான் சிரிக்கலை. சூப்பு பொறையேறிருச்சு, அவ்வளவுதான். அவ வந்து தலையத் தட்டி வுட்டா, தண்ணி குடுத்தா. அந்தப் பெரிய மேசைல இருந்து எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்னுட்டேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, கேஷுவல் கேஷுவல்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க. டவுசரும் டீ சர்ட்டும் யாரு வேணுன்னாலும் போடலாம். அதுல என்ன கெட்டிக்காரத்தனம்? இந்தக் குடும்பத்தை ஒரு கலர்ல கட்டி வெச்சிருந்தது நான். நான் கையை எடுத்தா, அவளவளுக்குத் தோணினதைச் சுத்திக்கிட்டுத் திரிவாளுக.

இப்பப் பாருங்க, வர்ற தை மாசம் பூங்கொடி மகளுக்குக் கல்யாணம். போன வாரமே குடும்ப வாட்ஸ்அப்புல கலரு போட்டுட்டேன். அரக்கு, பச்சைக் கரை. எல்லாரும் பாத்துட்டாங்கன்னு நீலக் குறி வந்துருச்சு. பதிலு போடலை. எதுக்குப் போடோணும்? பழகினவளுக, அவளுகளுக்குத் தெரியாததா? மணப்பொண்ணு அம்மாவுக்கு வேற வேலை இருக்கும். புதுசாப் பழகினவளுக்குத்தான பயம் இருக்கும்? சுகிர்தா மட்டும்தான் ஒடனே போட்டா. "சரிக்கா. இந்தத் தடவை ஜாக்கெட் தைச்சிருதேன்"னு. எப்படி வழிக்குக் கொண்டாந்திருக்கறேன் பாத்தீங்களா?

இளம்பிள்ளைக்காரப் பையன் போன்ல, "எத்தனை சேலைங்கம்மா?"ன்னு கேட்டான். "ரெண்டு போதும் தம்பி"ன்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. வாயில வந்துருச்சு. "ஒரு செட்டுக்கு ஆறுங்கம்மா, தெரியாததா உங்களுக்கு?"ங்கறான். சரி, ஆறே ஓட்டுடான்னுட்டேன். காத்தாலதான் பார்சல் வந்துச்சு. அந்தா, அந்த நாற்காலி மேல இருக்குது பாருங்க.

எங்க கண்ணு எந்திரிக்கறீங்க? காப்பியே பாதி இருக்குது. நீங்க வந்து நின்னதுமே பாத்துட்டேன், உங்க ஒசரத்துக்கும் நெறத்துக்கும் அரக்கு எடுப்பா இருக்கும். ஒண்ணு எடுத்துக்கங்க. அட, சும்மா எடுத்துக்கங்க. கப்பல்ல சாப்பாட்டுக்குக் கட்டிக்கங்க. எவனாச்சும் எப்ப ஆடுவீங்கன்னு கேட்டான்னா, லீவுன்னு சொல்லிருங்க. அப்படியே தை மாசம் கல்யாணத்துக்கும் எங்ககூட வந்துருங்க. நானு, சுகிர்தா, நீங்க. மூணு பேரு ஒட்டுக்கா நுழைஞ்சாப் போதும் கண்ணு, கேமராக்காரன் திரும்பிருவான்.